களைப்பும் வலியும் இருக்கும்போது சக்தியைச் சிக்கனமாகச் செலவிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும், அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நரம்புகளின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ், உடம்பெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா, இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் தங்கிவிடும் அசதி, கோவிட்டுக்குப் பின் விடாத சோர்வு என்று நோய்கள் வேறுவேறு. காலையில் பல் துலக்கிக் குளித்து முடிப்பதற்குள் ‘இன்றைக்கு இவ்வளவுதான்’ என்று உடம்பு கையை விரித்துவிடுவது மட்டும் எல்லோருக்கும் பொது.

சக்தியைச் சேமிப்பது என்றால் வேலையை விட்டுவிட்டுப் படுத்துக்கிடப்பதா?

படுத்துக்கிடக்க யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை. இதில் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அதே வேலையைக் குறைந்த செலவில் முடிப்பது. இன்னொன்று, மிச்சமானதை எதற்குச் செலவிடுவது என்று நாமே முடிவு செய்வது. இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குளித்துவிட்டு வந்தாலே நாள் முடிந்துவிடுகிற ஒருவர், உட்கார்ந்து குளிக்கப் பழகி, மிஞ்சிய தெம்பில் மாலையில் பேத்தியோடு அரைமணி நேரம் விளையாடுகிறார் என்றால், நான் எழுதிவைத்துக்கொள்வது அந்த அரைமணி நேரத்தைத்தான்.

ஆக்குபேஷன் என்றால் உத்தியோகம்தானே? வேலைக்கே போகாத எனக்கு இந்தத் தெரபி எதற்கு?

இங்கே அந்தச் சொல்லுக்கு, ஒருவரின் நாளை நிறைக்கும் எல்லாச் செயல்களும் என்று பொருள். உடுத்துவது, சமைப்பது, பிள்ளையைத் தூங்கவைப்பது, தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாமே அதில் அடங்கும். 1917இல் அமெரிக்காவில் இந்தத் துறைக்கான முதல் சங்கம் அமைந்தபோதே அந்தப் பொருளில்தான் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை, செயல்வழிச் சிகிச்சை என்று பல விதமாக எழுதுகிறார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் முதல் சந்திப்பில் ‘உத்தியோகமா?’ என்ற கேள்வி வராமல் இருப்பதில்லை.

சக்திச் சிக்கனத்தின் வேர் பாதி தொழிற்சாலையில் இருக்கிறது. ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் கொத்தனாராக வாழ்க்கையைத் தொடங்கியவர். செங்கல் அடுக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகளை 5 ஆகக் குறைத்துக் காட்டினார். அவர் 1924இல் இறந்தபின் மனைவி லில்லியன் கில்பிரெத் அதே கண்ணோடு சமையலறையைப் பார்த்தார். இதய நோயுள்ள பெண்கள் எப்படி அடுக்களை வேலை செய்யலாம் என்று 1940களில் அவர் செய்த வேலை, பிற்பாடு மறுவாழ்வு மருத்துவத்தில் நிலைத்துவிட்டது. செங்கலைக் குனிந்து எடுக்காமல் இடுப்பு உயரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன அதே யோசனைதான், பாத்திரத்தைக் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள் என்று இன்று நாங்கள் சொல்வது.

எல்லோருக்கும்தான் களைப்பு வருகிறது. என்னுடையது நோயின் களைப்பு என்று எப்படித் தெரியும்?

சாதாரணக் களைப்புக்குக் காரணம் தெரியும், ஒரு நல்ல தூக்கம் போட்டால் போய்விடும். நோயின் களைப்பு செய்த வேலைக்குப் பொருந்தாது. தூங்கி எழுந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருக்கும். சிலருக்குக் கை கால் கனக்கும், சிலருக்குப் பேச்சில் சொல் வராது.

ஆனால் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நேராகத் திட்டம் போட ஆரம்பிக்காதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைபாடு, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரை இவை எல்லாமே களைப்பைத் தரும். இவற்றில் பலவற்றுக்கு நேரடியான மருந்து உண்டு. இரத்தசோகைக்கு நாற்காலியை மாற்றிப் பயனில்லை. நெஞ்சு வலி, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, திடீரென்று ஒரு பக்கம் பலம் குறைவது, முகம் கோணுவது, பேச்சு குழறுவது என்றால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒரு வாரத்துக்கு, அரைமணிக்கு ஒருமுறை முடியாவிட்டால் ஒரு மணிக்கு ஒருமுறை, என்ன செய்தீர்கள் என்று இரண்டு சொல்லில் எழுதுங்கள். பக்கத்தில் களைப்புக்கு 0 முதல் 10க்குள் ஒரு எண், வலிக்கு ஒரு எண். முந்தைய இரவின் தூக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம், வழக்கம்போல் இருங்கள். எழுதுவதே சிரமமென்றால் மூன்று நாள் போதும், அல்லது வீட்டில் யாரையாவது எழுதச் சொல்லலாம்.

வாரக் கடைசியில் அந்தத் தாள்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஆச்சரியம் காத்திருக்கும். ‘சமையல்தான் என்னைக் கொல்கிறது’ என்று நினைத்தவருக்கு, சமையலுக்கு முன் மாடிப்படியை ஆறு தடவை ஏறி இறங்கியது கண்ணில் படும். வலி எகிறும் நாளுக்கு முதல் நாள் என்ன நடந்தது என்று பாருங்கள். உடம்பு பல சமயம் அன்றே கணக்கு கேட்பதில்லை, மறுநாள் கேட்கிறது.

எந்த வேலைக்கு எவ்வளவு சக்தி போகிறது என்று அளவு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. மெட் என்று ஓர் அலகு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு எரிக்கும் அளவு 1 மெட். எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்று கணக்கு. நின்றபடி பாத்திரம் கழுவுவது அதில் சுமார் இரண்டு மடங்குக்குள், குளிப்பது சுமார் 2 மடங்கு, நிதானமாக மாடிப்படி ஏறுவது சுமார் 4 மடங்கு.

‘குளிப்பது வெறும் 2தானே, அதற்கா இவ்வளவு அலுப்பு’ என்று வீட்டில் கேட்பார்கள். 10 மெட் வரை தாங்கும் உடம்புக்கு 4 மெட் என்பது பாதிகூட இல்லை, பேசிக்கொண்டே ஏறிவிடலாம். நோயால் உச்சவரம்பே 4 மெட்டாகச் சுருங்கிவிட்டவருக்கு அதே படிக்கட்டு, மற்றவர்கள் முழு மூச்சில் ஓடுவதற்குச் சமம். குளியலே அவருடைய கொள்ளளவில் பாதி.

அன்றாடத்துக்கு இந்த எண்கள் தேவையில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் வகுத்த உணர்வு அளவுகோல் கைக்கு அடக்கமானது. அவருடைய பழைய அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடியும். 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இதற்குமேல் முடியாது. ஏன் 6 என்ற விநோதமான தொடக்கம்? பத்தால் பெருக்கினால் உத்தேசமாக இதயத் துடிப்பு வரும் என்பதற்காக. நாள்முழுக்கச் செய்யும் வீட்டுவேலை 11ஐத் தாண்டாமல் ‘லேசாக இருக்கிறது’ என்ற இடத்தில் நின்றால் நல்லது. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பெருக்கல் கணக்கை விட்டுவிட்டு உணர்வை மட்டும் பாருங்கள்.

நல்ல நாளில் எல்லா வேலையையும் முடித்துவிடுகிறேன். அப்புறம் மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சில்லறை.

உடம்பு லேசாக இருக்கும் நாளில், தேங்கிக் கிடந்த வேலை எல்லாம் கண்ணை உறுத்தும். ‘முடிகிறபோதே முடித்துவிடலாம்’ என்று இறங்குவீர்கள். வலி வந்து நிறுத்தும்வரை நிறுத்தமாட்டீர்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் படுக்கை. எழுந்ததும் இன்னும் அதிகமாகத் தேங்கியிருக்கும், மறுபடி பாய்ச்சல். ஒவ்வொரு சுற்றிலும் படுக்கை நாள் கூடி, நல்ல நாள் குறையும். இதில் சோம்பல் எங்கும் இல்லை. சுறுசுறுப்பானவர்கள்தான் இந்தச் சுழலில் முதலில் மாட்டுகிறார்கள்.

வெளியே வர ஒரு வழி, நிறுத்தும் அதிகாரத்தை வலியிடமிருந்து பிடுங்கிக் கடிகாரத்திடம் கொடுப்பது. உதாரணமாக, நின்று காய் நறுக்குவதை எடுத்துக்கொள்வோம். மூன்று நாள் செய்து பாருங்கள். வலி கூடத் தொடங்கும் நேரம் 12 நிமிடம், 8 நிமிடம், 10 நிமிடம் என்று வந்தால் சராசரி 10. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 8 நிமிடம், உங்கள் தொடக்க அளவு. இனிமேல் 8 நிமிடத்தில் மணி அடிக்கும், நிறுத்துவீர்கள். நன்றாக இருந்தாலும் நிறுத்துவீர்கள். மோசமான நாளிலும் 8 நிமிடம் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அளவை 6க்கு இறக்குங்கள். நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் ஒரே அளவு தாங்குகிறது என்று தெரிந்தபின், வாரத்துக்கு ஒரு நிமிடம் ஏற்றலாம். எல்லோருக்கும் ஏற்றம் உண்டு என்று சொல்ல முடியாது. கீழே உடற்பயிற்சிக் கேள்வியைப் பாருங்கள்.

இதில் கஷ்டமான பகுதி எட்டாவது நிமிடம்தான். பாதி நறுக்கிய காயை விட்டுவிட்டு உட்காருவது மனசுக்கு ஒவ்வாது. ‘இன்னும் கொஞ்சம்தானே இருக்கிறது’ என்ற ஐந்து நிமிடம்தான் மறுநாளைத் தின்கிறது.

ஓய்வு எப்போது, எவ்வளவு?

களைப்பு வருமுன். மணிக்கு 5 முதல் 10 நிமிடம் என்று நாளுக்குள் தூவிவிட்டால், மாலையில் மொத்தமாக இரண்டு மணி நேரம் விழுவது பெரும்பாலும் தவிரும். முழுதாகத் தீர்ந்துபோன பிறகு எழுந்து வர எடுக்கும் நேரம் மிக நீளம். குளியல், வெளியே போவது, விருந்தினர் வருகை போன்ற பெரிய செலவுகளுக்கு முன்பும் பின்பும் ஓய்வை நாட்குறிப்பிலேயே எழுதிவைத்துவிடுங்கள்.

போனைப் பார்த்துக்கொண்டு சாய்ந்திருப்பதை ஓய்வில் சேர்க்க மாட்டேன். கழுத்து குனிந்திருக்கிறது, கட்டைவிரல் ஓடுகிறது, மூளை ஓடிக்கொண்டே இருக்கிறது. தலையும் கையும் தாங்கலில் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு 5 நிமிடம் இருங்கள். பகல் தூக்கம் தேவையென்றால் அரைமணிக்குள், பிற்பகல் 3 மணிக்கு முன். இல்லாவிட்டால் இரவுத் தூக்கம் கெட்டு மறுநாள் அதன் பலனை அனுபவிக்க வேண்டும்.

எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? எல்லாமே முக்கியமாகத்தான் தோன்றுகிறது.

ஒவ்வொரு வேலையிடமும் கேளுங்கள்: இது நடந்தே ஆக வேண்டுமா? இன்றே நடக்க வேண்டுமா? நான்தான் செய்ய வேண்டுமா? இப்படித்தான் செய்ய வேண்டுமா? துணி துவைப்பது நடந்தாக வேண்டும். போர்வைக்கு இஸ்திரி போடுவது வேண்டாம். மொத்த வீட்டையும் ஒரே நாளில் பெருக்காமல் நாளுக்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கேள்விகளைக் கடமைகளிடம் மட்டும் கேளுங்கள். சந்தோஷங்களை முதலில் வெட்டிவிடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. வீட்டுவேலை எல்லாம் முடிந்தபின் மிஞ்சினால் பாட்டு, நண்பர்கள், செடிகள் என்று வைத்தால், அவை ஒருநாளும் வராது. வாரத் திட்டம் போடும்போது பிடித்தமான ஒன்றை முதலில் எழுதச் சொல்வது என் வழக்கம். அதைச் சுற்றித்தான் துவைப்பதும் பெருக்குவதும்.

உட்கார்ந்து செய்வதால் அப்படி என்ன மிச்சமாகிவிடும்?

அசையாமல் நிற்கும்போது கெண்டைக்கால், தொடை, முதுகுத் தசைகள் இறுக்கத்தோடு பிடித்துக்கொண்டே இருக்கின்றன. இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டம் குறையும், சீக்கிரம் அசதி வரும். நடப்பதைவிட வரிசையில் நிற்பது சிலருக்கு அதிக வேதனை தருவது இதனால்தான். உட்கார்ந்தால் அந்தச் செலவில் பெரும் பங்கு நின்றுவிடும்.

ஆனால் இருக்கை சரியாக இருக்க வேண்டும். தாழ்வான சோபாவில் உட்காருவது சுகம், எழுந்திருப்பது தண்டனை. பாதம் தரையில் பதிந்து, இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தால் எழும்போது முழங்காலில் பாரம் குறைவு. கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டோ, நாற்காலிக் கால்களுக்குக் கீழே ஆடாத தாங்கி வைத்தோ உயர்த்தலாம். கை வைக்கும் பிடி இருக்கட்டும். வேலை மேசை முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால் தோள் தூக்காது. எழுத்து, தையல் போன்ற நுட்ப வேலைக்கு மட்டும் கொஞ்சம் மேலே.

தூக்குவதைவிட நகர்த்துவது மேல், நகர்த்துவதைவிடச் சக்கரம் மேல். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். தோளிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்த பொருளை 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், பொருளின் எடை அதேதான், தோளைத் திருக்கும் விசை மட்டும் 4 மடங்கு.

குளித்து உடுத்துவதற்குள் தீர்ந்துபோகிறேன்.

பெரும்பாலானவர்கள் முதலில் சொல்லும் புகார் இது. நிற்பது, குனிவது, கையைத் தலைக்குமேல் தூக்குவது, வெந்நீர், நீராவி எல்லாம் ஒரே பத்து நிமிடத்தில் சேர்ந்து வருகிறதே.

ரப்பர் கால் வைத்த குளியல் ஸ்டூல், தரையில் வழுக்காத விரிப்பு, எழுந்திருக்கும் இடத்தில் சுவரில் உறுதியான கைப்பிடி. துண்டுக்கம்பி உங்கள் எடையைத் தாங்காது, அதைப் பிடித்து எழ வேண்டாம். சோப்பு, துண்டு, மாற்று உடை எல்லாவற்றையும் உட்காருமுன் கைக்கு எட்டும்படி வைத்துவிடுங்கள். நீளக் கைப்பிடியுள்ள தேய்ப்பான் முதுகையும் பாதத்தையும் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். துவட்டுவதில் போகும் சக்தி அதிகம். உறிஞ்சும் துணியில் தைத்த நீள அங்கியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் அதுவே ஈரத்தை எடுத்துவிடும். நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். காலையில் கிளம்ப வேண்டியவர்களுக்கு முந்தின இரவுக் குளியல் பெரிய விடுதலை. தலைமுடி அலசுவதை உடம்புக் குளியலோடு சேர்க்காமல் தனி நாளுக்குத் தள்ளலாம்.

உடுத்தும்போது உட்காருங்கள். பலம் குறைந்த பக்கம் அல்லது வலிக்கும் பக்கம் முதலில் உள்ளே போகட்டும். கழற்றும்போது அது கடைசி. குனிவதற்குப் பதில் ஒரு காலை மறு முழங்கால்மேல் போட்டுக்கொள்ளலாம். இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் மட்டும் இதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கம் திறக்கும் மேலாடை, இழுத்தால் நீளும் இடுப்புப் பட்டி, கட்ட வேண்டாத காலணி போதும்.

சமையலறையில்?

தினமும் எடுக்கும் பொருள்கள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டில் இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு தடவை எடுப்பவை மேலே ஏறட்டும். ஆரம்பிக்குமுன் தேவையான எல்லாவற்றையும் ஒரே தடவையில் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டு உட்காருங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுந்து போவதில்தான் அதிகம் கரைகிறது. நிறைந்த பாத்திரத்தை அடுப்பிலிருந்து தொட்டிக்குத் தூக்காமல், வடிதட்டை உள்ளேயே இறக்கி வேகவைத்துத் தட்டை மட்டும் எடுக்கலாம். நல்ல நாளில் இரண்டு மடங்கு சமைத்துப் பாதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது கெட்ட நாளுக்குச் சேமிப்பு. பாத்திரத்தை ஊறப்போடுங்கள், தேய்க்கும் வேலையில் பாதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

கையைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. ஏன்?

தோளையும் கையையும் தாங்கும் தசைகளில் சில, மூச்சிழுக்கவும் உதவுபவை. நுரையீரல் நோயில், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சிழுக்கும் தசையான உதரவிதானம் சோர்ந்துபோகும்போது உடம்பு இவற்றை நம்பியிருக்கிறது. நீங்கள் தலைவாரக் கையைத் தூக்கியதும் அவை அந்த வேலைக்குப் போய்விடுகின்றன. அதனால் முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு தலைவாருங்கள், முகம் மழியுங்கள், பல் துலக்குங்கள்.

மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விடுங்கள். எழுவது, தூக்குவது, தள்ளுவது என்று எந்த முயற்சியும் மூச்சை வெளியே விடும்போது நடக்கட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவது இதய நோயாளிகளுக்கும் ஆகாது. மூச்சு முட்டினால் உட்கார்ந்து சற்று முன்னால் சாய்ந்து, முன்கைகளைத் தொடைமேல் ஊன்றுங்கள்.

எனக்குக் களைப்பைவிட மூட்டு வலிதான் பிரச்சினை. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பொருந்தும், கூடவே மூட்டைக் காக்கும் சில பழக்கங்களும் வேண்டும். சிறிய மூட்டு செய்வதைப் பெரிய மூட்டிடம் கொடுங்கள்: பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கை மடிப்பிலோ தோளிலோ மாட்டுங்கள், கதவை விரலால் தள்ளாமல் முன்கையால் தள்ளுங்கள். கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் பிடியுங்கள். மெல்லிய பிடிக்கு அதிக இறுக்கம் தேவை, அதனால் பேனா, கரண்டி, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றின் பிடியையும் நுரைக்குழாய் சுற்றித் தடியாக்குங்கள். துணியை முறுக்கிப் பிழிவது முடக்குவாதக் கைக்கு மிக மோசமான அசைவு. குழாயில் சுற்றி அழுத்திப் பிழியுங்கள். ஒரே நிலையில் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், புத்தகத்தைக்கூடத் தாங்கியில் வையுங்கள்.

ஒரு வேலை முடிந்து 2 மணி நேரம் கழித்தும், தொடங்குமுன் இருந்ததைவிட வலி அதிகமாக இருந்தால், அன்று அளவு மீறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை குறையுங்கள், அல்லது செய்யும் விதத்தை மாற்றுங்கள்.

சூட்டில் எல்லாம் மோசமாகிறது. கற்பனையா?

இல்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் நரம்பின் உறை சிதைந்திருப்பதால், உடல் வெப்பம் சிறிது ஏறினாலும் நரம்பில் செய்தி கடத்துவது தடுமாறும். ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் இதை 1890இலேயே பதிவு செய்தார். குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். கடினமான வேலையைக் காலைக் குளிர்ச்சிக்குத் தள்ளுங்கள், பக்கத்தில் மின்விசிறியும் குளிர்ந்த நீரும் இருக்கட்டும்.

சக்தியைச் சேமிக்கச் சொல்கிறீர்கள், மருத்துவர் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பெரும்பாலான நோய்களில் இரண்டு பேரும் சொல்வது சரி. புற்றுநோய் சிகிச்சையின் அசதி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், முடக்குவாதம், நுரையீரல் நோய், நாள்பட்ட முதுகு வலி எல்லாவற்றிலும் அளவான உடற்பயிற்சி களைப்பைக் குறைக்கிறது, கொள்ளளவைக் கூட்டுகிறது. வீட்டுவேலையில் மிச்சம் பிடித்ததை நடைப்பயிற்சிக்குப் போடலாம். அசையாமலே இருந்தால் தசை மெலியும், அப்புறம் அதே வேலைக்கு இன்னும் அதிகச் சிரமம். நாள்பட்ட வலியில் இது முக்கியம்: வலிக்குமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போவதற்குச் சக்திச் சிக்கனம் என்று பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மயால்ஜிக் என்செஃபலோமைலிடிஸ் எனப்படும் நாள்பட்ட சோர்வு நோயிலும், கோவிட்டுக்குப் பின் சோர்வு தங்கியவர்களில் சிலருக்கும், முயற்சிக்குப் பின் உடம்பு சரிந்துவிடும். உடனே தெரியாது, சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து வந்து, நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீடிக்கும். இவர்களை ‘தினமும் கொஞ்சம் கூட்டு’ என்று தள்ளுவது கெடுதல். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டியில், படிப்படியாகக் கட்டாயமாக ஏற்றும் உடற்பயிற்சியை இந்த நோய்க்குச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று சொல்லி, சக்தி மேலாண்மையை முன்னால் வைத்தது. உங்களுக்கு இந்தச் சரிவு இருக்கிறதா என்பதற்கும் அந்த ஒரு வார நோட்டுத்தான் சாட்சி.

உடம்பு சும்மாதான் இருக்கிறது, தலை மட்டும் களைத்துப்போகிறது.

மூளையும் செலவாளிதான். கூட்டமான இடம், பின்னால் ஓடும் தொலைக்காட்சி, ஒரே சமயத்தில் இரண்டு பேரின் பேச்சு, வரிசையாக முடிவெடுப்பது எல்லாம் நோட்டில் வேலையாகவே எழுதப்பட வேண்டியவை. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். கணக்கு வழக்கு, படிவம் நிரப்புவது போன்றவை உங்களுக்குத் தெளிவான நேரத்துக்கு. பட்டியலை மனதில் சுமக்காமல் தாளில் இறக்குங்கள். நாளைக்கு என்ன உடை, என்ன சாப்பாடு என்பதை இன்றே முடிவு செய்தால் காலையில் இரண்டு முடிவு மிச்சம்.

நிறையக் கருவிகள் வாங்க வேண்டுமா?

வாங்குமுன் ஒரு வாரம் இரவல் வாங்கிப் பயன்படுத்திப் பாருங்கள். பயன்படாமல் மூலையில் கிடக்கும் கருவிகளை நிறையப் பார்த்துவிட்டேன். குளியல் ஸ்டூல், சக்கரத் தள்ளுவண்டி, கீழே விழுந்ததை எடுக்கும் நீளக் கவ்வி, தடித்த பிடிகள்: பலருக்கு இவ்வளவே போதும். நாற்காலியையும் அலமாரியையும் இடம் மாற்றுவதற்குச் செலவே இல்லை.

பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய் என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

லூபஸ் நோயுள்ள கிறிஸ்டின் மிசராண்டினோ என்ற அமெரிக்கப் பெண், தோழிக்கு இதை விளக்க ஓர் உணவகத்தில் கைக்குக் கிடைத்த கரண்டிகளை எல்லாம் எடுத்து அவள் கையில் கொடுத்தார். எழுந்தால் ஒன்று, குளித்தால் ஒன்று என்று திரும்ப வாங்கிக்கொண்டே வர, நாள் பாதியிலேயே கை ஏறக்குறைய காலி. 2003இல் அவர் இதை எழுதிய பிறகு, நாள்பட்ட நோயுள்ளவர்கள் பலர் ‘இன்றைக்குக் கரண்டி தீர்ந்துவிட்டது’ என்றே பேசிக்கொள்கிறார்கள்.

வீட்டில் வாதம் செய்வதைவிட நோட்டைக் காட்டுவது நடக்கிற காரியம். ‘உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘செவ்வாயும் வெள்ளியும் துணியை நீங்கள் காயப்போடுங்கள்’ என்று கேளுங்கள். கொடுத்த வேலையை அவர்கள் தங்கள் விதத்தில் செய்யட்டும். மடிப்பு சரியில்லை என்று நீங்கள் எழுந்துபோய்த் திரும்ப மடித்தால் இருவர் உழைப்பும் வீண்.

பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவரால் முடிந்ததையும் பிடுங்கிச் செய்யாதீர்கள். எதை விட்டுக்கொடுப்பது என்று அவர் சொல்லட்டும்.

தாம்பத்திய உறவைப் பற்றிக் கேட்கலாமா?

தாராளமாக. அதுவும் ஒருவரின் வாழ்வில் உள்ள செயல்தான். களைப்பில்லாத நேரத்தைத் தேர்ந்தெடுப்பது, வலி மாத்திரை வேலை செய்யும் நேரத்தோடு பொருத்துவது, மூட்டுக்கும் மூச்சுக்கும் பாரமில்லாத நிலை, தலையணைத் தாங்கல் என்று தெரபிஸ்ட் தயங்காமல் பேசுவார்.

வேலைக்குப் போகிறேன். அலுவலகத்தில் எழுந்து எழுந்து ஓய்வெடுக்க முடியாதே?

இருக்கையிலேயே ஒரு நிமிடம் போதும்: கையை மடியில் வைத்து, தோளை இறக்கி, தூரத்தில் எதையாவது பாருங்கள். கவனம் தேவைப்படும் வேலையைக் காலையில் வைத்து, இயந்திரத்தனமானவற்றை மதியத்துக்குத் தள்ளுங்கள். முடிந்தால் பயண நேரத்தை நெரிசலிலிருந்து நகர்த்தக் கேளுங்கள். பாதிக் களைப்பு வழியிலேயே சேர்கிறது. மேலதிகாரியிடம் நோயின் முழுக்கதையையும் சொல்ல வேண்டியதில்லை. என்ன மாற்றம் வேண்டும், அதனால் வேலை எப்படி ஒழுங்காக நடக்கும் என்று சொன்னால் பேச்சு சுலபம்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா, ஆறுதல் பேச்சா?

அதிகம் ஆராயப்பட்டது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில். வாரம் ஒரு முறை, 2 மணி நேரம், 6 வாரம் என்று குழுவாக நடத்தும் ஒரு பயிற்சியை 169 பேரிடம் சோதித்த ஆய்வு 2005இல் வெளியானது. களைப்பு வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு குறைந்தது, தன்னால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை கூடியது. மருந்தைப்போல் களைப்பின் மூலத்தை இது தொடுவதில்லை, நோயையும் குணமாக்காது. அப்படி யாராவது விளம்பரம் செய்தால் நகர்ந்துவிடுங்கள்.

இரண்டு வாரம் முயன்றேன், ஒன்றும் மாறவில்லையே?

பெரும்பாலும் ஒரே நாளில் பத்து மாற்றம் செய்திருப்பீர்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நோட்டில் மிக அதிக எண் விழுந்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் மூன்று வாரம் மாற்றிச் செய்யுங்கள். அப்போதும் எண் இறங்கவில்லை என்றால் நோட்டோடு தெரபிஸ்டிடம் போங்கள். முடிந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் அந்த வேலையைச் செய்வதை அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அலமாரிக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது அவர் வந்து பார்த்தால்தான் தெரியும்.